புளிக்காத சாறும் காத்திருந்த கோன்யாக்கும்

திராட்சைச் சாற்றை ஒயினாக்குவது ஈஸ்ட். சாற்றின் சர்க்கரையைத் தின்று அதை ஆல்கஹாலாக மாற்றும். மனிதர் பக்கத்தில் நின்று காவல் காப்பார். பிரான்சின் மேற்கே, ஷராந்த் ஆறு பாயும் கோன்யாக் வட்டாரத்தில் ஒரு பானம் உண்டு. அதில் ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பிழிந்த சாறு புளிக்கத் தொடங்கும் முன்பே, அந்த வட்டாரத்தில் ஒயினைக் காய்ச்சி வடிக்கும் சாராயமான கோன்யாக்கை அதில் சேர்த்துவிடுகிறார்கள். அதன் பெயர் பினோ தே ஷராந்த். உள்ளூரில் வெறும் பினோ. சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்ட அருந்தும் பானங்களில் இதற்கு இணையாக நான் எதையும் வைக்க மாட்டேன்.

1589-இல் ஒரு விவசாயி காலிப் பீப்பாய் என்று நினைத்துப் புதுச் சாற்றை ஊற்றினார், அடியில் கோன்யாக் கிடந்தது, சாறு புளிக்கவில்லை, சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் அமுதம் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதைக்குச் சான்று இல்லை. ஆனால் அதிலுள்ள வேதியியல் சரியானது. ஆல்கஹால் ஓர் அளவைத் தாண்டினால் ஈஸ்ட் செயலற்றுப்போகும். பழத்தின் சர்க்கரை முழுதும் அப்படியே தங்கிவிடும். போர்த்துக்கல்லின் போர்ட் ஒயினில் நொதித்தலைப் பாதி வழியில் நிறுத்துகிறார்கள். பினோவில் தொடங்கவே விடுவதில்லை. ஆகவே நாவில் படுவது ஒயினின் சுவையன்று, பறித்த பழத்தின் சுவை.

இந்தக் கலையின் கடினம் தோட்டத்திலேயே தொடங்குகிறது. கோன்யாக் காய்ச்சுவதற்குப் புளிப்பு மிகுந்த, இனிப்புக் குறைந்த திராட்சை வேண்டும். அதிலிருந்து வரும் ஒயின் மெலிந்து, புளிப்பேறி இருந்தால்தான் காய்ச்சி வடிக்கும் வாலையில் நறுமணம் திரளும். பினோவுக்கோ லிட்டருக்குக் குறைந்தது 170 கிராம் சர்க்கரை உள்ள சாறு வேண்டும். ஊன்யி பிளாங், கொலோம்பார் போன்ற வெள்ளை வகைகள் இரண்டுக்குமே பயன்படுகின்றன. எனவே எந்தக் கொடியை முந்திப் பறிப்பது, எதைக் கனிய விடுவது என்று ஒரே விவசாயி இரு வேறு கணக்குகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும். செந்நிறப் பினோவுக்கு மெர்லோ, கபெர்னே வகைகள். தோலைச் சாற்றில் சில மணி நேரம் ஊறவைத்து நிறம் இறக்குவார்கள்.

சேர்க்கப்படும் கோன்யாக் செப்பு வாலையில் இருமுறை வடித்தது. ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டாவது இருந்தது. 60 விழுக்காட்டுக்குக் குறையாத வீரியம் உடையது. ஏறத்தாழ முக்கால் பங்கு சாறு, கால் பங்கு கோன்யாக். கலந்த பின் ஆல்கஹால் 16-இலிருந்து 22 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். சாறு காத்திருக்காது, பிழிந்த சூட்டோடு கலந்தாக வேண்டும். பாகு பதம் தப்பினால் மீட்க முடியாததைப் போல, இங்கும் நேரம் தப்பினால் அந்த ஆண்டின் சாறு கைநழுவிவிடும்.

1945-இல் பிரான்ஸ் இதற்கு, நம் புவிசார் குறியீட்டை ஒத்த சட்டக் காப்பு தந்தது. அதன் விதிகளில் என்னை மிகவும் ஈர்த்தது ஒன்று: சாறும் கோன்யாக்கும் ஒரே பண்ணையில் விளைந்தவையாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற கோன்யாக் நிறுவனங்கள் பலரிடமிருந்து சரக்கை வாங்கிக் கலந்து தம் பெயரில் விற்கின்றன. பினோவில் அதற்கு இடமில்லை. ஒரு குடும்பத்தின் இந்த ஆண்டு அறுவடை, அதே குடும்பத்தின் முந்தைய அறுவடையோடு ஒரே பீப்பாயில் சேர்கிறது. கொடி வளர்த்தவர், காய்ச்சியவர், கலந்தவர் யாவரும் ஒரே வீட்டார். குறை வந்தால் பழியைத் தள்ளிவிட வேறு ஆளில்லை. நிறை வந்தால் முழுப் பெருமையும் அவர்களுக்கே.

அதன்பின் பீப்பாயின் வேலை. புதுக் கலவையில் சாற்றின் இனிப்பும் சாராயத்தின் காரமும் தனித்தனியே நிற்கும். வெள்ளைப் பினோ ஒன்றரை ஆண்டாவது முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். அதற்குள் காரம் அடங்கித் தேனும் பூவும் பீச் பழமும் மணக்கும். செந்நிறத்தில் செர்ரியும் கருந்திராட்சையும் முன்னே நிற்கும். பல ஆண்டுகள் கிடந்த பழம்பினோ வேறு உலகம்: அக்ரூட் பருப்பு, காய்ந்த அத்தி, சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகும் அந்தச் சுவை வாயை விட்டுப் போக நேரமாகும்.

அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பையில், குளிர்ச்சியாக, பனிக்கட்டி போடாமல் அருந்துங்கள்; பனிக்கட்டி முதலில் கொல்வது மணத்தைத்தான். அந்த மண்ணின் முலாம்பழத்தையோ நீலப் பாலாடைக்கட்டியையோ பக்கத்தில் வையுங்கள். பினோவின் பெரும்பகுதி பிரான்சுக்குள்ளேயே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. கோன்யாக் உலகுக்காகக் காய்ச்சப்படுவது; பினோ அந்த விவசாயிகள் தங்கள் வீட்டு விருந்தினருக்காக வைத்துக்கொண்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் கை பினோவுக்குத்தான் நீளும்.