முழு உடலும் மூன்று நிழல்களும்

பிரெட் அஸ்டேரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து விழுகிறார்கள்: அனாயாசம். மூச்சு வாங்காமல், வியர்க்காமல், நடப்பதுபோலவே ஆடிவிட்டுப் போகிறார் என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லின்மேல் சந்தேகம். ஒரு கலைஞனை அனாயாசம் என்று புகழ்கிறபோது உழைப்பு ஒன்று பார்வையிலிருந்து ஒளித்துவைக்கப்படுகிறது. ஒளித்துவைக்கப்பட்டது அவருடைய உழைப்பு மட்டுந்தானா, வேறு யாருடையதுமா என்று கேட்டால் அந்தப் படங்களை வேறுமாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1899-இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் பிறந்தவர். தகப்பனார் ஆஸ்திரியாவிலிருந்து குடியேறி பீர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்கா அடேலோடு சிறுவயதிலேயே மேடையேறினார். 1932-இல் அக்கா கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டுப் போனபிறகு சினிமாவுக்கு வந்தார். 1933 முதல் 1939 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக ஜிஞ்சர் ரோஜர்ஸோடு 9 படங்கள், 1949-இல் எம்.ஜி.எம்.மில் இன்னொன்று. 1987-இல் இறந்தார்.

அவர் செய்த முக்கியமான காரியம் காமிராவுக்கு ஒரு நிபந்தனை போட்டது. அப்போது பஸ்பி பெர்க்லி கூட்டங்கூட்டமாகப் பெண்களை நிறுத்தி, உயரத்திலிருந்து படமெடுத்து, கால்களையும் தொடைகளையும் பூவிதழ்களாக மாற்றிக்கொண்டிருந்தார். உடல் அங்கே துண்டுகள்தான். அஸ்டேர் இதை ஏற்கவில்லை. ஆடுகிறவரின் உடல் தலைமுதல் கால்வரை சட்டகத்துக்குள் இருக்கணும், கூடியவரை வெட்டு இருக்கக்கூடாது, நடுவில் பார்த்து வியக்கிற முகங்களைச் செருகக்கூடாது. இது உடலுக்குச் செய்த மரியாதை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

பாட்டிலும் இதே குணம். குரல் சின்னது, எட்டும் வீச்சும் குறைவு. ஆனால் இர்விங் பெர்லின், ஜெரோம் கெர்ன், கெர்ஷ்வின், கோல் போர்ட்டர் என்று அந்தக் காலத்துப் பெரிய பாட்டுக்காரர்கள் அவருக்காக எழுதினார்கள். காரணம், அவர் பாட்டைப் பேச்சாகவே சொல்கிறார். 'ஸ்விங் டைம்' (1936) படத்தில் அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து நாயகியின் அழகைப் பாடுகிறார். அவளோ உள்ளறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறாள். பாட்டில் மயங்கி, தலை நிறைய நுரையோடு வந்து நிற்கிறாள். டொரதி ஃபீல்ட்ஸ் எழுதிய வரிகள் அவை. ஆஸ்கார் வாங்கிய அந்தப் பாட்டில் குரலை உயர்த்தி ஜாலம் காட்டுகிற இடம் ஒன்றுகூட இல்லை. பேச்சு பாட்டாகிறது, வேறொரு காட்சியில் பாட்டு நடையாகிறது, நடை ஆட்டமாகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. கதையோடு ஒன்றிய பாடல் என்று நம்மூர் சினிமா விமர்சனத்தில் சொல்லிச்சொல்லி அலுத்த தகுதி இங்கே முழுமையாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரவேண்டியிருக்கும்.

அதே படத்தின் கடைசியில் இருவரும் மாடிப்படி ஏறிச் சுழன்று பிரிகிற ஆட்டம் உண்டு. வெட்டில்லாமல் வேண்டும் என்பதற்காக 40-க்கும் மேற்பட்ட தடவை எடுத்தார்கள். ரோஜர்ஸின் பாதங்களில் ரத்தம் கசிந்தது. திரையில் பார்க்கிற நமக்கு அனாயாசம்! தவிர, டேப் நடனத்தின் உயிரே தகடு பதித்த ஜோடு தரையைத் தட்டுகிற ஓசைதான். அதைப் பெரும்பாலும் பிறகுதான் தனியாகப் பதிவு செய்தார்கள். ரோஜர்ஸின் கால் தட்டுகிற ஓசையைப் பல இடங்களில் தட்டித் தந்தவர் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பான். முழு உடலைக் காட்டுகிறேன் என்ற சட்டகத்துக்குள் பெண்ணின் காலுக்கு ஆணின் சத்தம்.

'ஸ்விங் டைம்' படத்திலேயே இன்னும் சங்கடமான ஒரு காட்சி இருக்கிறது. பில் ராபின்சன் என்ற மாபெரும் கறுப்பு டேப் கலைஞருக்கு அஞ்சலி என்று சொல்லப்படுகிற ஆட்டம். அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார். திரையில் அவர் இப்படிக் கரி பூசியது இந்த ஒரு தடவைதான். பின்சுவரில் அவருடைய மூன்று ராட்சத நிழல்கள் கூடவே ஆடி, ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் விலகிப் போய்விடுகின்றன. நிழலைத் தனியே படமெடுத்து மும்மடங்காக்கிய தந்திரம். ராபின்சன் அப்போது உயிரோடு இருந்தார், ஹாலிவுட்டிலேயே நடித்துக்கொண்டும் இருந்தார். முந்தைய ஆண்டு 'தி லிட்டில் கர்னல்' படத்தில் வெள்ளைக்காரக் குழந்தை ஷெர்லி டெம்பிளோடு படிக்கட்டில் ஆடினாரே, வேலைக்காரனாக. அந்தக் கிழவரும் குழந்தையும் கைகோர்த்த துண்டைத் தெற்கு மாநிலங்களில் வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். அஞ்சலிக்குரியவர் இல்லாத அஞ்சலியில் வெள்ளைக் கலைஞனுக்குத் துணை அவனுடைய நிழல்களே. இன்னொரு விசித்திரம்: ராபின்சன் நிமிர்ந்து, முன்பாதத்தில் மிதப்பவர். அஸ்டேர் இதில் ஆடுகிறதோ உடலைத் தளர்த்தி குதிகாலை இறக்கித் தாளம் பிடிக்கிற ஜான் பப்பிள்ஸின் பாணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருத்தர் பெயர், இன்னொருத்தர் கால்.

இதோடு 'திருட்டு' என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடலாம். நம் தரப்பு எழுத்தில் இது அடிக்கடி நடக்கிறது. எனக்கு இது போதவில்லை. அடவுகள் காலிலிருந்து காலுக்குப் போகிறவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் ஆட்டமும் அயர்லாந்துக் குடியேறிகளின் ஆட்டமும் கலந்துதான் டேப்பே உண்டானது. யாரிடமிருந்து எடுத்தார் என்பதைவிட, எடுத்ததை வைத்து ஆட யாருக்கு எப்படிப்பட்ட இடம் கிடைத்தது என்பதுதான் அரசியல்.

நிக்கலஸ் சகோதரர்களைப் பாருங்கள். ஃபயார்ட், ஹரால்ட். 1943-இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிப் படிகளில் காலை அகல விரித்து விழுந்து எழுகிற ஆட்டத்தை அஸ்டேரே மனம்விட்டுப் புகழ்ந்திருக்கிறார். அது முழுக்கக் கறுப்பர்கள் நடித்த படம். வெள்ளையர் படங்களில் கதை வேறு. 'சன் வேலி செரினேட்' (1941) படத்தில் ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். பேர் கிடையாது, காதல் கிடையாது, கதையில் யாரோடும் பேச்சு கிடையாது. தெற்கே அனுப்பும்போது கத்தரித்தாலும் கதைக்குச் சேதம் வராதபடி அமைத்த இடம் அது. அவர்களும் முழு உடலோடு, நீண்ட ஷாட்டில்தான் ஆடுகிறார்கள். அஸ்டேருக்குக் கிடைத்த சட்டகம் அவர்களுக்கும் கிடைத்தது. கிடைக்காதது கதை. அஸ்டேரின் ஆட்டத்தை வெட்டினால் காதலே நின்றுபோகும். இவர்கள் ஆட்டத்தை வெட்டினால் ஒன்றும் ஆகாது. கதையோடு ஒன்றிய பாடல் என்று நாம் கொண்டாடுகிற அழகியல் தகுதி, கதை வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட மனிதர்களுக்கு மட்டுமே வாய்த்தது. அழகியலைத் தனியே, நிறவெறியைத் தனியே பேசுகிறவர்கள் இந்தக் கத்தரியைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

பாட்டு வரிகளுக்குள்ளும் இந்தக் கத்தரி நுழைந்திருக்கிறது. இர்விங் பெர்லினின் 'புட்டின் ஆன் தி ரிட்ஸ்' முதலில் ஹார்லெமின் ஏழைக் கறுப்பர்கள் பகட்டாக உடுத்தி லெனாக்ஸ் அவென்யூவில் உலவுவதைக் கேலி செய்த பாட்டு. அஸ்டேர் 1930-இல் இந்த வரிகளோடு இசைத்தட்டுக்குப் பாடினார். 1946-இல் 'ப்ளூ ஸ்கைஸ்' படத்துக்காக பெர்லின் வரிகளை மாற்றினார். இப்போது உலவுகிறவர்கள் பார்க் அவென்யூ பணக்காரர்கள். கேலி போனது நல்லதுதான், கூடவே கேலிக்கு ஆளானவர்களும் போய்விட்டார்கள். படத்தில் அஸ்டேருக்குப் பின்னால் வரிசையாக ஆடுகிற ஒன்பது பேரும் அஸ்டேரேதான். பத்து வருஷத்தில் மூன்று நிழல் ஒன்பது பிரதியாகப் பெருகியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது 'தி பேண்ட் வேகன்' (1953). டோனி ஹன்டர் என்ற மவுசு இறங்கிய நடிகனாக அஸ்டேர் நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் ஒரு விளையாட்டுக் கூடத்துக்குள் அலைகிறார். ஜோடுக்குப் பாலிஷ் போடுகிறவரின் நீட்டிய காலில் தடுக்குகிறார். அவர் லிராய் டேனியல்ஸ், நிஜத்திலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிஷ் போட்டுப் பிழைத்த கறுப்பர். அஸ்டேர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பாட, டேனியல்ஸ் பிரஷ்ஷையும் துணியையும் வைத்து அதே தாளத்தைப் பிடிக்கிறார். துணி சொடுக்குகிற சத்தம் கேட்கிறது. கரி இல்லை, நிழல் இல்லை. ஒரே சட்டகத்தில் இரண்டு ஆட்கள், ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. பாலிஷ் போடுவது இங்கே பாவனையான வேலை அல்ல, அந்த மனிதர் அன்றாடம் செய்த வேலை. அஸ்டேர் படத்தில் உழைப்பு அனாயாசத்துக்குள் ஒளியாமல் உழைப்பாகவே தாளமிடுகிற இடம் என்று இதைத்தான் சொல்வேன். டேனியல்ஸின் முகத்தை அந்த நேரத்தில் கவனித்துப் பாருங்கள், குனிந்த ஆளின் முகமாக அது இல்லை. பாட்டு முடிந்ததும் கதை டோனி ஹன்டரோடு போய்விடுகிறது.