கறுப்புத் தீற்றல்கள்

மோனேவின் 'கப்புசின் சாலை' ஓவியத்தை அச்சுப்படமாகத்தான் பார்த்திருக்கிறேன், எம்.ஏ. படித்த காலத்தில் ஒரு நூலகத்தில். பாரீஸின் அகன்ற சாலை, இலை உதிர்ந்த மரங்கள், வண்டிகள், கீழே ஜனம். ஜனத்துக்கு முகமில்லை, கை காலில்லை. தூரிகையால் இழுத்துவிட்ட கறுப்புத் தீற்றல்கள், அவ்வளவுதான். 1873-74இல், அந்தச் சாலையிலேயே நதார் என்ற புகைப்படக்காரரின் ஸ்டூடியோ மாடியிலிருந்து வரைந்தது. 1874இல் அங்கேயே கண்காட்சியும் வைத்தார்கள். 'ஷரிவாரி' பத்திரிகையில் லூயி லெரூவா கிண்டலடித்தார்: நாக்கால் நக்கிவைத்த மாதிரி இருக்கிறதே, தெருவில் நடந்தால் நானும் இப்படித்தான் தெரிவேனா என்று.

தன் முகம் காணோமே என்று கனவானுக்கு வந்த கோபம் அது. எனக்கு வந்ததோ பொறாமை.

கிராமத்தில் எங்களுக்கு முகம் உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு. ஊர்த்தெருவில் கால் வைத்தால் நூறடி தூரத்திலேயே இன்னார் மவன், இன்ன தெரு என்று தெரிந்துவிடும். கீரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கி, மேலவீதிக் கூட்டத்தில் கலந்தால்தான் மூச்சு வரும். "அங்க யாருடா நம்மள கேக்கப் போறான்" என்பாள் அம்மா. கிராமத்தின் யோக்கியதையை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் உடைத்துச் சொன்னார். அம்மா அதைப் படித்ததில்லை, பஸ் ஏறியிருக்கிறாள். தீற்றலாக இருப்பது அவளுக்கு விடுதலை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளிடம் படத்தைக் காட்டினேன். அவள் விரல் நேராக வலது ஓரத்துக்குப் போனது. "இவனுவோ எதுக்கு மேல நிக்கிறானுவோ?"

மாடியில் உயரத் தொப்பியோடு இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். மொத்தப் படத்திலும் ஓரளவு ஆளாகத் தெரிகிறவர்கள் அவர்கள்தான். நான் கவனிக்கவேயில்லை. ஆனித் திருமஞ்சனத் தேரன்று கீழவீதி மாடியில் நிற்கிறவருக்கும் கீழே இருப்பதெல்லாம் வெறும் தலைதானே. அங்கிருந்து எல்லோரும் ஒன்று என்று சொல்லிவிடலாம். வண்டி ஓட்டுகிறவன் யார், குதிரைச் சாணி அள்ளுகிறவன் யார் என்பதைக் கீழே இறங்கினால்தான் கேட்க முடியும்.

பாரீஸின் அகன்ற சாலைகளுக்கும் கதை இருக்கிறது. 1853 முதல் ஹவுஸ்மான் நகரத்தை இடித்துக் கட்டியபோது ஏழைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1871 மே மாதம், ஒரே வாரத்தில் கம்யூன்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். (மோனே அப்போது ஊரில் இல்லை.) அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் இந்தப் படம். வெளிச்சம் அற்புதமாக விழுந்திருக்கிறது, மறுக்கவில்லை. தெருவைக் கழுவிவிட்டவர்களைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.