ஊசியா, ஊசியில்லாக் கருவியா? கேள்வியே கொஞ்சம் கோணல்

2010 நவம்பரில் தென்கொரியாவின் ஆன்டோங் பகுதியில் பன்றிகளிடம் கோமாரி நோய் தலைகாட்டியது. சில மாதங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கூடவே நாடு தடுப்பூசிக்கு மாறியது. அப்போ வேறொரு தலைவலி வந்தது. கறி வெட்டும்போது கழுத்துச் சதைக்குள் சீழும் கட்டியுமாக இருந்தது. ஊசி போடுவது கழுத்தில். அங்கே சுட்டுச் சாப்பிட ரொம்ப விரும்பும் 'மோக்சல்' கறியும் அதே கழுத்துதான்.

இதுக்குத் தீர்வாக ஊசியில்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் மருந்தைச் செலுத்தும் கருவியைச் சொல்கிறார்கள். நல்ல கருவிதான். ஊசி முறிந்து கறிக்குள் தங்காது, தொழிலாளி கையில் குத்தாது. ஆனா "கருவியால் கட்டி குறைந்தது" என்று ஒப்பிடும் விதத்தில் எனக்கு மூணு சிக்கல் தெரிகிறது.

ஒண்ணு, அளவு. சதைக்குள் போடுவது வழக்கமாக 2 மி.லி.; தோலுக்குள் போடும் தடுப்பூசிகள் பலவற்றில் 0.2 மி.லி.தான். மருந்து பத்தில் ஒரு பங்காகிவிட்ட பிறகு, கட்டி குறைந்ததற்கான பாராட்டு கருவிக்கா, அளவுக்கா?

ரெண்டு, பெயர். எல்லாக் கட்டியும் சீழ்க்கட்டி இல்லை. கோமாரித் தடுப்பூசியில் எண்ணெய் சேர்ப்பதே உடம்பைச் சீண்டி எதிர்ப்பைக் கூட்டத்தான். அந்த எண்ணெயைச் சுற்றி, கிருமியே இல்லாமல், கிரானுலோமா என்ற முடிச்சு உருவாகலாம். எவ்வளவு சுத்தமான ஊசி போட்டாலும் அது வரும். உண்மையான சீழ்க்கட்டிக்குக் காரணம் கிருமி: அழுக்குத் தோல், குத்திய ஊசியையே மறுபடி மருந்துப் புட்டிக்குள் விடுவது. வெட்டுக்கூடத்தில் ரெண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் எதைத் தடுத்தோம் என்றே தெரியாது.

மூணு, எதிராளி. ஒரே ஊசியால் ஒரு கொட்டடி முழுக்கப் போட்டால் முனை மழுங்கும், ஒரு பன்றியின் கிருமி அடுத்ததுக்குப் போகும். நீளம் போதாத ஊசி என்றால் மருந்து கொழுப்பிலேயே நின்றுவிடும்; அங்கே ரத்த ஓட்டம் குறைவு, சீக்கிரம் கரையாது. இப்படிப் போட்ட ஊசியோடு புதுக் கருவியை மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்னாடியே தெரியும். சரியான நீளத்தில், அடிக்கடி மாற்றிய ஊசியோடு அல்லவா மோதவிட வேண்டும்?

கருவி தானாகவே சுத்தம் என்பதும் இல்லை. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஓர் எடைகுறைப்பு மருத்துவமனையில் மனிதர்களுக்குப் பயன்படுத்திய இப்படியொரு கருவி வழியாகவே ஹெபடைடிஸ் பி பரவியது.

இது வெறும் முறையியல் சண்டை இல்லை. கழித்து எறியும் கறிக்கான நஷ்டம் பண்ணைக்காரர் தலையில் விழுந்தால், அவருக்குத் தடுப்பூசி மேலேயே வெறுப்பு வரும். ஒழுங்காகப் போடாமல் விடுவார். கோமாரி திரும்ப வரும். விலையுயர்ந்த கருவியை வாங்கச் சொல்வதற்கு முன்னால், அதே வேலையை ஒரு பெட்டி புது ஊசி செய்யுமா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சோதிக்காத ஆய்வு அவருக்குப் பாதிப் பதில்தான்.