6 மணி நேரமும் 56 நாளும்

2019 அக்டோபர் மாதக் கடைசி. கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் ஊடுருவல் நடந்திருக்கிறது என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்கவே முடியாது என்று 29-ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் தீங்குநிரல் புகுந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள ஒரு கணினி. உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து ஏற்கெனவே தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும் விளக்கியது. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், இதைச் செப்டம்பர் 4-ஆம் தேதியே கண்டு சொல்லிவிட்டதாம்.

உலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் அரசு அறிந்ததை, அந்த உலையின் நிழலில் வாழும் இடிந்தகரை மக்கள் அரசின் வாயால் அறிய 56 நாள் ஆயிற்று. அதுவும் செய்தி வெளியே கசிந்த பிறகு. நாட்டின் உயிர்நாடியான அமைப்புகளைக் காக்கும் நம் சட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிகின்றன.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 70-ஆவது பிரிவு தொலைநோக்கு உள்ளது. எந்தக் கணினி அமைப்பு முடங்கினால் தேசப் பாதுகாப்பு, பொருளாதாரம், மக்களின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவை நிலைகுலையுமோ, அதை முக்கியக் கட்டமைப்பு என்கிறது. வங்கியின் சர்வரும் பொருளாதாரத்தின் அரண்தான் என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசிதழில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அமைப்பில் அத்துமீறி நுழைந்தாலும், நுழைய முயன்றாலும் 10 ஆண்டு வரை சிறை. இத்தகைய கட்டமைப்புகளைக் கவனிக்க 2014-இல் தனி மையம் அமைந்தது. அறிவிக்கப்பட்ட அமைப்புகளுக்குத் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி கட்டாயம் என்று 2018 விதிகள் கூறின. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவோ, தாக்குதலைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஓரிடத்தில் புகுந்தவன் அடுத்த இடத்துக்குப் போவதற்குள் எச்சரிக்க இந்த வேகம் உதவும்.

இனி பலவீனம். இச்சட்டத்தின் கோபம் முழுவதும் திருடன் மேல். அவன் பெரும்பாலும் நம் காவல்துறையின் கைக்கு எட்டாத நாட்டில் இருக்கிறான். கதவைத் திறந்து போட்டவரைப் பற்றி 70-ஆவது பிரிவு பேசுவதில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை, தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீங்குநிரலான ரான்சம்வேர் முடக்கியது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிப் பதிவு, உள்நோயாளிச் சேர்க்கை, பரிசோதனைக்கூடம் எல்லாம் ஒரு வாரத்துக்கும் மேல் காகிதமும் பேனாவுமாக நடந்தன. தொலைதூரத்திலிருந்து ரயிலேறி வந்த நோயாளி, கையால் எழுதிய சீட்டுக்காக வரிசையில் நின்றார். வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. கூடங்குளத்தைக் காத்தது வலையமைப்பின் பிரிவினை; எய்ம்ஸைக் கைவிட்டது அது இல்லாமை. உயிர்காக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்யாத நிர்வாகத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் என்ன?

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு பதில் தருகிறது. பாதிக்கப்பட்டவரிடம் சொல்லச் சொல்கிறது. 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அது தனிநபர் தரவுக்கான சட்டம். யாருடைய விவரமும் கசியாமல் மின்சாரம் மட்டும் நின்றால் அது உதவாது.

அடுத்தது மௌனம். 6 மணி நேரக் கடமை அரசிடம் சொல்வதற்கு மட்டுமே. அரசு மக்களிடம் எப்போது சொல்ல வேண்டும் என்று அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை. போதாக்குறைக்கு, 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்கு பெற்றது. கேட்டாவது தெரிந்துகொள்ளலாம் என்றிருந்த வழியும் அடைபட்டது.

ஓட்டையை ஊருக்குச் சொன்னால் அடுத்த திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்பார்கள். நியாயமான அச்சம். ஓட்டையை அடைக்கும்வரை ரகசியம் தேவைதான். அடைத்த பிறகும் தொடரும் மௌனம் யாரைக் காக்கிறது? தவறு செய்த நிர்வாகத்தை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த என்.ஐ.எஸ்.2 நெறிமுறை 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் விவரம், ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை என்று படிப்படியாகக் கேட்கிறது. தேவைப்படும்போது சேவையைப் பயன்படுத்துவோருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. நிறுவனத் தலைமையையும் பொறுப்பாளியாக்குகிறது. நம் 6 மணி நேரத்தைவிட அங்கே அவகாசம் அதிகம், பொறுப்பும் அதிகம்.

நம் சட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் அடித்தளம் உறுதியானது. அதில் இரண்டு பிரிவுகள் சேர வேண்டும். அடிப்படைப் பாதுகாப்பைக்கூடச் செய்யாத நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். ஓட்டை அடைபட்டதும், என்ன நடந்தது என்று மக்களுக்குச் சொல்லும் கடமை, கெடுவோடு எழுதப்பட வேண்டும். இனி ஒருமுறை அப்படி ஓர் ஊடுருவல் நேர்ந்தால், இடிந்தகரைக்காரர் அதை வதந்தியாகக் கேட்டு, மறுப்பாகப் படித்து, அதன் பிறகு உண்மையாக அறியும் நிலை வரக்கூடாது.