பங்காளிச் சண்டையும் கட்டியங்காரன் சிரிப்பும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்து, ஊரார் தலைக்கட்டு வரி போட்டு நடத்தும் நாடகம். பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பிரசங்கம். இரவில் அதே கதை விடியும்வரை கூத்தாகும். கதையோ பங்காளிச் சண்டை. குந்திக்குப் பிள்ளை பிறந்தது கேட்டுக் காந்தாரி தன் வயிற்றில் அடித்துக்கொண்டபோதே பகை தொடங்கிவிட்டது. பெற்றவர்களின் பொறாமையைப் பிள்ளைகள் களம்வரை சுமக்கிறார்கள். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது கூத்தின் வழக்கம்.

சிரிப்புக்குப் பொறுப்பாளி கட்டியங்காரன். திரைக்குப் பின்னே நிற்கும் வேஷத்தை "யார் நீ?" என்று கேட்டு அறிமுகப்படுத்துவான். காவலன், தூதன், வேலைக்காரன் எல்லாம் அவனே. ராஜா பாட்டில் பெருமை பேச, அவன் ஊர்ப்பேச்சில் அதை இறக்கி வைப்பான். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, உள்ளூர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனம் எல்லாம் அத்தினாபுரத்துக்குள் நுழைவது அவன் வாய்வழியாகத்தான். அதிகாரத்தை முகத்துக்கு நேரே கேலி செய்ய ஊர் கொடுத்த அனுமதி அது. மேடை நாடகத்துக்கு எளிதில் கிட்டாதது.

பழுதும் அங்கேயே இருக்கிறது. பெண் வேஷத்தைப் பெரும்பாலும் ஆண்களே கட்டிவந்த மரபில், பெண்டாட்டியை இளப்பமாகப் பேசும் இரட்டை அர்த்த வசனம் சுலபமாகக் கைதட்டு வாங்குகிறது. துகிலுரிதலில் இது உறுத்துகிறது. கற்பூரம் ஏற்றிப் பயபக்தியோடு ஆடப்படும் காட்சி அது. தன்னையே தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்று திரௌபதி கேட்கும்போது சபை பதிலின்றி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் விழும் பகடி, சபைக்குத் தப்பிக்க வழி செய்துவிடுகிறது.

போர் முடிவைக் காட்டும் படுகளத்தில் நிலைமை வேறு. திறந்தவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, சில ஊர்களில் முறமும் துடைப்பமுமாக ஒப்பாரி நடக்கும். அழுகையும் வசையும் கூத்தடிப்பும் ஒன்றாகக் கலந்து வரும். சிரிப்பவர்களுக்கும் பிள்ளையை இழந்த தாய் காந்தாரி கண்ணெதிரே இருக்கிறாள். கூத்தின் அவலச் சிரிப்பு முழுமை பெறுவது இங்கேதான்.

1981 முதல் சிதம்பரத்தில் நடந்துவரும் நாட்டியாஞ்சலி நடன விழாவுக்குப் பத்திரிகை விமர்சனம் உண்டு. கிராமத்துக் கூத்தை எழுதி விமர்சிப்பவர் அரிது. சலித்துப்போன பகடியைக் கழிக்கச் சொல்ல ஆளில்லாததற்கு அதுவும் காரணம். கட்டியங்காரனை வெட்ட வேண்டியதில்லை. திரௌபதி கேட்டு முடிக்கும்வரை அவன் வாய் மூடியிருந்தால் போதும்.