காது கொடுக்கும் வேலை

மொத்த ஜவுளிக்கடையில் பில் போடும் பரபரப்பு ஓய்ந்தபின் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்க வருபவரின் வேலையை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் எதையும் தொடமாட்டார்; முதலில் கேட்பார். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுகளின் ஒரே சீரான ரீங்காரம். நடுவே, எழுதிப் படிக்கும் முனை இடம் மாறுகிற மெல்லிய கரகரப்பு. அதில் ஒரு 'டிக்... டிக்' கலந்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பேக்கப்தான்.

ஒலி சரியாக இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊதுவார். பஞ்சுப்பிசிறும் நூல்துகளுமாக எவ்வளவு வெளியே வருகிறது! பிறகு மறுபடி உயிர்கொடுத்து செக்டிஸ்க்கை ஓடவிடுவார். சதவீதம் ஊர்ந்துதான் ஏறும். அவரும் அவசரப்படுத்த மாட்டார். எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை: பேக்கப் எடுத்து, அது முடிந்ததென்று திரை சொன்னாலும் நம்பாமல், அந்தப் பிரதியிலிருந்தே ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து, தொகை வரிவரியாகச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்புளியைப் பையில் போடுவார்.