நெசவு யாருடைய தொழில்?

பெண்ணை ஆணுக்குக் கீழ்ப்படுத்திய ஏற்பாடு எக்காலத்தில், எக்காரணத்தால் தோன்றியது என்ற கேள்விக்குச் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் அறிஞர்கள் கூறிய விடைகள் பல. அவற்றுள் எது தேறும், எது தேறாது என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்குச் சென்று ஒரு குழித்தறியின் பக்கத்தில் சற்று நேரம் நின்றால், புத்தகங்களில் விளங்காத சில விஷயங்கள் பிரத்தியட்சமாக விளங்கும்.

தனிச்சொத்து தோன்றிய நாளிலேயே தாயுரிமை வீழ்ந்தது என்று 1884-ல் எங்கெல்ஸ் எழுதினார். பழைய மெசபொத்தேமியச் சட்டங்களையும் சாசனங்களையும் ஆராய்ந்த கெர்டா லெர்னர் 1986-ல் அந்த வரிசையையே மாற்றி, நிலம் சொத்தாவதற்கு முன்பே பெண்ணின் கருவளம் சொத்தாகிவிட்டது என்றும், இந்த அடிமைத்தனம் ஒரே நாளில் நேர்ந்ததன்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லப் படிந்தது என்றும் வாதித்தார். மண்வெட்டியால் பயிரிட்ட சமூகங்களில் பெண்ணுக்கு இருந்த இடம் ஏர் வந்த சமூகங்களில் சுருங்கியதை எஸ்தர் போசரப் 1970-ல் சுட்டிக் காட்டினார். ஏரின் பாதிப்பு உழவை விட்டு அயல்நாடு சென்றவர்களின் பிள்ளைகளிடத்தும் எஞ்சியிருக்கிறது என்பதை 2013-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று அளந்தும் காட்டியது.

ஆனால் தறிக்கு வரும்போதுதான் விவாதம் கூர்மையடைகிறது. இடையில் நிறுத்தி மீண்டும் தொடரக்கூடியதாய், குழந்தைக்கு ஆபத்து விளைவிக்காததாய், வீட்டை விட்டு அகலாததாய் உள்ள வேலைகளே பெண்ணின் வேலைகளாயின என்று ஜூடித் பிரௌன் 1970-ல் கூறினார். அந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, உலகின் பெரும்பகுதியில் நூற்பும் நெசவும் ஆதியில் பெண்களின் கைத்தொழிலாக இருந்ததற்குக் காரணம் இதுவே என்று எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994-ல் விரித்துரைத்தார். அஸ்ஸாமிலும் மணிப்பூரிலும் இன்றும் நெய்கிறவள் பெண்தான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள்.

அப்படியானால், வீட்டுக்குள்ளேயே தறி போட்டிருக்கும் காஞ்சியில் நெசவு பெண்ணின் தொழிலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இருக்கவில்லை. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் தலைமுறை தலைமுறையாக ஆண். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறியத் துணையாள் ஒருவர் வேண்டும்; அந்த ஸ்தானத்தில் மனைவியோ பிள்ளையோ உட்காருவது வழக்கம். பட்டு இழையை ராட்டையில் ஏற்றித் தார் சுற்றுவதும், பாவு வேலைக்குக் கைகொடுப்பதும் பெண்கள். சேலை மடித்துக் கொடுக்கப்பட்டுக் கூலி வரும்போதோ, அது நெய்தவர் பெயரில் வரும் ஒரே கூலி; தார் சுற்றிய கைக்கென்று அதில் தனிக்கணக்குக் கிடையாது. தார் சுற்றும் வேலை பெண்ணிடம் வந்ததற்குப் பிரௌன் சொன்ன காரணம் பொருந்தும்; தறி அவளிடம் வராததற்கு அது பொருந்தாது. அஸ்ஸாமியப் பெண்ணுக்கும் குழந்தை உண்டு, அடுப்பு உண்டு. ஆகவே உடற்கூறோ தாய்மையோ இதைத் தீர்மானிக்கவில்லை. சந்தையில் விலைபோகும் கட்டத்தில் எந்த வேலை நிற்கிறதோ, கூலியும் பெயரும் எதில் சேர்கின்றனவோ, அந்த வேலை ஆணுடையதாகிறது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஈ.வெ.ரா. பெரியார் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசியிருக்கிறார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அவர் கற்பையும் கலியாணத்தையும் கண்டித்ததையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் சொத்துரிமை இல்லாமையை அடிமைத்தனத்தின் முக்கிய காரணங்களில் ஒன்றாக அவர் வைத்ததே, என் மதிப்பில், அந்நூலின் உயிர். அதற்குச் சாட்சியம் காஞ்சிச் சுற்றுப்புறத்துக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்ச் சாசனங்கள் ஊர்ச்சபைத் தேர்வுக்கான குடவோலையில் பெயர் இடுவதற்கு இறை செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவற்றைக் கேட்கின்றன. நிலமும் கல்வியும் யாரிடம் இருந்தனவோ அவர்களுக்கே சபை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் தேவி ரங்கபதாகை தன் பெயரால் ஒரு சிற்றாலயம் எடுப்பித்தாள் என்றால், அவளிடம் பொருள் இருந்தது என்பதுதான் அதன் விளக்கம். கல்வியின் கதவு எவ்வாறு சாத்தப்பட்டிருந்தது என்பதை அறிய மணிமேகலைக் காப்பியத்தைப் புரட்டினால் போதும்: இளம்பெண்ணுக்கு எவரும் தத்துவம் உரைக்கமாட்டார் என்பதால், வஞ்சியில் மணிமேகலை மாதவன் (தவமுனிவன்) வடிவு கொண்டே சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்க நேர்ந்தது, பிறகே பௌத்தத் துறவி அறவண அடிகளைத் தேடிக் காஞ்சிக்கு வந்தாள்.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று சுயமரியாதை மாநாடு செங்கற்பட்டில் தீர்மானித்தது 1929-ல். தமிழ்நாட்டுச் சட்டம் மகளைப் பங்காளியாக்கியது 1989-ல். மத்திய சட்டம் அதைப் பின்பற்றியது 2005-ல். கல்வியிலோ, காமாட்சியின் ஊர் உள்ள இந்த மாநிலத்தில், அரசு அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்ததே 2023-ல்தான். சட்டம் வந்த வேகம் இது. வீடு மாறும் வேகம் இதனினும் குறைவு.

இன்று காஞ்சியில் பெண்கள் பலர் தறியில் அமர்ந்து நெய்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் நெசவுக் கூலியை நம்பாமல் இளைஞர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பஸ் ஏறத் தொடங்கிய காலமும் இதுவே என்பதை மறைத்துவிட்டு அந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ள மனம் ஒப்பவில்லை. அந்த ஆலைகளில் பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அங்குள்ள கைபேசி ஆலை ஒன்று திருமணமான பெண்களைச் சேர்த்துக்கொள்வதைத் தவிர்த்ததாக 2024-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆலை அதை மறுத்தது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அச்செய்தியில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, கலியாணமானவளுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது. பிள்ளையார்பாளையத்தில் அவளைக் கூலியில்லாத தாரோடு நிறுத்தி வைப்பதற்குச் சொல்லப்பட்டதும் அந்தக் குடும்பப் பொறுப்புத்தான்.